அரைச் சால் இசாஞோ

மே 17, சனி

கடைசி வயலும் இன்று தோண்டி முடிந்தது. எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது, இப்போது அந்த இடத்தில் வலி மட்டும்தான். இருந்தாலும் எழுதாமல் தூக்கம் வராது. என் செல்லம் வெளியே வந்துவிட்டது!

உருளைக்கிழங்கு வயலின் ஓரமாக ஒரே ஒரு உழவுச் சால். அதில்தான் என் இசாஞோக் கிழங்கு. அப்பா அதை வேலி மாதிரி நடுவார். அதன் கார வாடைக்குப் புழு கிட்டே வராது, உருளைக்கிழங்கு பிழைக்கும். காவல்நாய்க்குக் கொடுக்கிற மரியாதைதான் அதற்கு. ஆனால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால், அடடா! மஞ்சள் ஒன்று, மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டது ஒன்று, அப்புறம் கருஊதா. கருஊதாவை உடைத்தால் விரலெல்லாம் சாயம். மண்ணோடு சேர்த்து ஒரு முத்தம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு பசிலியா அத்தை பார்த்துவிட்டார்.

"ஏண்டி நெய்டா, ஊர்ல பையனுங்க தீந்துட்டாங்களா?"

மதியம் வழக்கம்போல எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே போர்வையில் கொட்டிச் சுற்றி உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கு, ஓக்காக் கிழங்கு, அவரை, பாலாடைக்கட்டி, வறுத்த மீன். நடுவில் நான் வேகவைத்த இசாஞோ. அப்போதுதான் கவனித்தேன். ஆண்களின் கைகள் உருளைக்கிழங்குக்குப் போகின்றன, மீனுக்குப் போகின்றன, இசாஞோ பக்கம் வந்ததும் பாம்பைப் பார்த்த மாதிரி வளைந்து போகின்றன. ஒரு கை விடாமல்!

பசிலியா அத்தையின் வீட்டுக்காரர் இலாரியோ மாமா சொன்னார்: "அதைத் தின்னா அன்னிக்கு ராத்திரி பொண்டாட்டிக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கணும். ஏழு புள்ள பெத்தவன் சொல்றேன், கேட்டுக்க."

"நீ எங்கய்யா பெத்த?" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "அடுத்த வருசம் அந்தச் சால்ல ஓட்ஸ் போட்டுடலாம்னு இருக்கேன். பசுவாவது திங்கும்."

எனக்கு வாயில் இருந்த அவரை இறங்கவில்லை. ஓட்ஸா? விதை வைக்காமல் விட்டால் இந்தக் கருஊதா எங்கே போய்க் கிடைக்கும்? எங்கள் பக்கத்தில் வேறு யாரும் நடுவதுகூட இல்லை. கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பந்தயம் வைத்தார்.

"அடுத்த மாசம் சான் ஹுவான் திருவிழாச் சந்தையில கடை போடு. ஒரு ஆம்பளை, ஒரே ஒருத்தன், நாலு பேரு பாக்க நின்னு இதைத் திங்கட்டும். அடுத்த வருசமும் விதை வைக்கிறேன். இல்லன்னா ஓட்ஸ்."

"நீங்களே தின்னுடுங்களேன்பா. இப்பவே முடிஞ்சுது."

"எனக்கென்ன கிறுக்கா?"

அம்மா குனிந்து போர்வையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

மே 18, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற குன்றில் ஏறினால்தான் சிக்னல். ஏறினேன். நான் வீடியோ போடுகிற பக்கத்தின் பெயர் 'கருஊதா ராணி'. எடிட்டிங் எல்லாம் நானே கற்றுக்கொண்டது. பின்னணியில் காற்று ஊளையிடும், அதைத்தான் இன்னும் சரிசெய்யத் தெரியவில்லை.

இன்று போட்டது: இசாஞோவின் காரம் எங்கிருந்து வருகிறது? கடுகிலும் முள்ளங்கியிலும் இருக்கிற அதே ஜாதிப் பொருள்! அதனால்தான் பச்சையாகக் கடித்தால் மூக்கில் ஏறுகிறது, வேகவைத்தால் இனிக்கிறது. வைட்டமின் சி தாராளம். சில ஊர்களில் மூத்திரக் கோளாறுக்கும் இதைத் தின்கிறார்களாம். கருஊதா நிறம் இருக்கிறதே, அது வெளிநாட்டில் டப்பாவில் அடைத்து விற்கிறார்களே அந்த ஊதாப் பழங்களில் இருக்கிற அதே வகை நிறம். நம் வயல் ஓரத்தில்! காவல்நாயாக!

முதல் கமெண்ட் வேன் ஓட்டுகிற டெல்ஃபின். தீ படம் மூன்று.

அவனைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று போன வாரம்தான் முடிவு செய்தேன். சரி, இது கமெண்ட் பற்றித்தானே.

மே 25, ஞாயிறு

கிழங்கை வெயிலில் பரப்பி வைத்திருக்கிறேன். வெயில் பட்டால் காரம் இறங்கி இனிப்பு ஏறும். தினமும் புரட்டிப் போடுகிறேன். அம்மா சொல்கிறார், இவ்வளவு அக்கறையாக நான் தலைகூட வாரியதில்லையாம்.

சந்தையில் என்ன விற்பது என்று முடிவாகிவிட்டது. தயாச்சா! வெயிலில் இனித்த கிழங்கை வேகவைத்து, ராத்திரி வைக்கோல் மேல் பனியில் உறையவிட்டு, விடிந்ததும் கரும்புப் பாகு ஊற்றிக் கொடுப்பது. ஐஸ்கிரீமுக்கு மின்சாரம் எதற்கு? வானமே பெட்டி.

இன்றைய வீடியோ: "ஆம்பளைத்தனம் குறையுமாம்! சுத்தப் பொய்!" இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசினேன். பழைய இன்கா ராஜாக்கள் தங்கள் படைவீரர்கள் பொண்டாட்டி நினைப்பே இல்லாமல் சண்டை போட இதைத் தின்னக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை இருக்கிறது அல்லவா, அதையும் கிண்டல் செய்தேன். "அப்படின்னா அந்தப் படைவீரர்களோட பேரப்புள்ளைங்க நாம எப்படி வந்தோம்?"

ஐயோ, பிய்த்துக்கொண்டு போகிறது! புனோவிலிருந்து, குஸ்கோவிலிருந்து, தலைநகர் லிமாவிலிருந்தெல்லாம் பார்க்கிறார்கள். குன்றிலிருந்து இறங்க மனமே இல்லை. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து ஓ என்று கத்தினார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

இலாவே சந்தைக்கு டெல்ஃபினின் வேனில் போனேன். முன் சீட்டு காலியாக இருந்தது. தற்செயலாகக் காலியாக இருந்ததா, எனக்காகக் காலியாக வைத்திருந்தானா? தெரியாது. கேட்கவில்லை.

அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சான் ஹுவான் சந்தை அன்னிக்கு நான் வந்து நின்னு திங்கறேன். உங்கப்பா பந்தயம் முடிஞ்சுது."

"உன் டிரைவர் கூட்டம் சும்மா விடுமா?"

"என்ன பண்ணுவாங்க? பேரு வைப்பாங்க."

"என்ன பேரு?"

"அது உன்கிட்ட சொல்ற மாதிரி இல்ல."

பின் சீட்டுப் பாட்டி ஒருவர் சேவலை மடியில் வைத்துக்கொண்டு, "ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்றார். இருவரும் ரோட்டைப் பார்த்தோம். ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்தோம். அழகான ரோடு. குழியெல்லாம் எவ்வளவு அழகு!

ஜூன் 5, வியாழன்

விரல் பத்தும் ஊதா. சோப்புக்குப் போகவில்லை. நல்லது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நடந்ததைக் கேட்டால் ஊரே சிரிக்கும். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நாட்குறிப்பு கணக்கில் வராது.

கறிக்கு வளர்க்கிற கினிப்பன்றிகளின் கூண்டுக்குப் பின்னாலிருந்து "ஸ்ஸ், ஸ்ஸ்" என்று சத்தம். போய்ப் பார்த்தால் இலாரியோ மாமா! தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார்.

"அந்தக் கிழங்கு... மூத்திரத்துக்கு நல்லதுன்னு வீடியோல சொன்னியாமே."

"சனங்க அப்படிப் பயன்படுத்தறாங்கன்னு சொன்னேன் மாமா. ஏன்?"

"எனக்கில்ல. தெரிஞ்ச ஒருத்தருக்கு. ராத்திரி அஞ்சாறு தடவை எந்திரிக்கிறாரு. நின்னா வரமாட்டேங்குது."

எனக்கு வாய் துறுதுறு என்றது. தின்னுங்க மாமா, எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நான் படித்ததெல்லாம் என்ன? பெரும்பாலும் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயில் செய்தது. கண்ணாடிக் குழாய் ராத்திரி எழுந்து போகாதே.

"தின்னச் சொல்லுங்க. ஆனா முதல்ல அந்தத் தெரிஞ்சவரை சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்க. மரித்சா அக்கா பாப்பாங்க."

"அவ பொம்பளடி!"

"நான் யாரு?"

"நீ கிழங்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரேறிப் போனார். போகும்போது பையில் நாலு இசாஞோ அள்ளிக்கொண்டு. தெரிஞ்சவருக்காம்.

ஜூன் 15, ஞாயிறு

சந்தையில் இடம் கிடைத்துவிட்டது. தேவாலயப் படிக்கட்டுக்கு நேர் எதிரே! அம்மா தன் நல்ல போர்வையை விரிப்பாகத் தருகிறேன் என்றார். அப்பா ஓட்ஸ் விதை விலை விசாரித்துவிட்டு வந்தார். வேண்டுமென்றே என் காதுபட அம்மாவிடம் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

எலிகள்.

எலிங்கடா சாமி.

சந்தைக்கு முன்னால் இன்னொரு வீடியோ போடலாம் என்று தேடினேன். பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கிடைத்தது. மொழிபெயர்க்க நேரமானது. குன்றில் காற்று, விரல் மரத்துவிட்டது. ஆண் எலிகளுக்கு இசாஞோ கொடுத்தார்கள். விந்து குறைந்தது. குறைஞ்சிருக்கு! நிஜமாவே! நிறுத்தினால் திரும்ப வருகிறது என்றும் இன்னொரு இடத்தில் போட்டிருக்கிறது. ஆனால் குறைந்தது குறைந்ததுதானே.

நான் என்ன சொன்னேன்? சுத்தப் பொய்னு சொன்னேன். இடுப்புல கை வெச்சுக்கிட்டு! நாடே பாத்துச்சு!

இலாரியோ மாமா சொன்னது சரியா? அந்த ஏழு பிள்ளைக்காரர்? அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, எலி வேறு மனுஷன் வேறு. அவ்வளவு கிழங்கு எந்த மனுஷன் தின்கிறான்? வருஷத்துக்கு ஒரு கிண்ணம் தயாச்சாவில் என்ன ஆகிவிடும்? மனுஷர்களிடம் சரியாகப் பார்த்த ஆய்வு ஏதும் என் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் நான் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

பேசாமல் இருந்துவிடலாம். சந்தை முடியட்டும்.

ஜூன் 20, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. கனவில் எலி வந்தது. தொப்பி போட்டிருந்தது.

ஜூன் 21, சனி

எங்கள் மலைச் சனங்களின் புது வருஷம். விடியலில் ஊரே குன்றில் நின்று கையை நீட்டி முதல் வெயிலை வாங்கிக்கொண்டோம். எல்லோரும் நல்ல மழை, நல்ல விளைச்சல் என்று கேட்டார்கள். நான், அந்த ஆய்வு தப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். வெயில் கையில் சுடச்சுட விழுந்தது.

எல்லோரும் இறங்கிய பிறகு போனைத் திறந்தேன். ஹுலியாகாவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "தங்கச்சி, உன் வீடியோ பாத்துத்தான் தைரியம் வந்துச்சு. என் வீட்டுக்காரருக்கு இது ரொம்பப் பிடிக்கும், பயந்துக்கிட்டே தின்னாம இருந்தாரு. இப்ப தினமும் குடுக்கறேன். எங்களுக்கு ரெண்டு வருசமா குழந்தை இல்ல, சத்தா இருக்கட்டும்னு."

கீழே மூன்று இதயம் போட்டிருந்தார்.

அவருக்குத் தனியாக உடனே எழுதினேன்: அக்கா, நிறுத்துங்க, நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், ரெண்டு பேரும் ஒரு டாக்டரைப் பாருங்க. அனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்குச் சொல்லியாயிற்று. மற்றவர்கள்? அந்த வீடியோவைப் பார்த்த எல்லோரும்?

சந்தைக்கு முன்னால் சொன்னால் ஒரு ஆம்பளையும் வரமாட்டான். ஓட்ஸ்தான்.

சந்தைக்கு அப்புறம் சொன்னால்? அதுவரை எத்தனை அக்கா?

ஜூன் 23, திங்கள்

சொல்லிட்டேன்! சொல்லிட்டேன் சொல்லிட்டேன் சொல்லிட்டேன்!

கதை இப்படி. நாளை சான் ஹுவான், அதனால் இன்று மாலை ஊரெல்லாம் நெருப்பு மூட்டுவார்கள். இலாரியோ மாமா எங்கள் கொல்லைக்கு நேர் பின்னால், வீடளவுக்குச் சருகைக் குவித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்! புகை மூட்டமானால் பனி இறங்காது. பனி இறங்காவிட்டால் தயாச்சா இல்லை, வெறும் வெந்த கிழங்குதான்.

"மாமா, வேற இடத்துல மூட்டுங்களேன்!"

"சான் ஹுவான் நெருப்பை நகத்தச் சொல்றா பாரு. ஆம்பளைங்களை அணைக்கிறது போதாதா, இப்ப நெருப்பையும் அணைக்கணுமா?"

அம்மாவும் நானும் வெந்த கிழங்கையெல்லாம் கழுதை மேல் ஏற்றிக் குன்றுக்குக் கொண்டுபோனோம். வைக்கோல் பரப்பி ஒவ்வொன்றாக அடுக்கினோம். அம்மா கழுதையோடு இறங்கிவிட்டார். கீழே ஊர் முழுக்கக் குட்டிக் குட்டி நெருப்பு, அதற்கப்பால் ஏரி ஈயம் போலக் கிடந்தது. கையில் போன். நாலு கோடு சிக்னல். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நாலு கோடு வந்ததில்லை!

நேரலை போட்டேன்.

"சனங்களே, ஆம்பளைத்தனம் குறையும்ங்கிறது சுத்தப் பொய்னு சொன்னேன்ல? எனக்குத் தெரியாமலே சொன்னேன். எலிங்களுக்குக் குறைஞ்சிருக்கு. மனுசங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்பப்ப ஒரு கிண்ணம் தின்னா என்ன ஆகப்போகுதுன்னு நான் நினைக்கிறேன், ஆனா அது என் நினைப்புதான். குழந்தைக்குக் காத்திருக்கிறவங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத் தினமும் குடுக்காதீங்க. மூத்திரக் கோளாறு இருக்கிறவங்க முதல்ல சுகாதார நிலையம் போங்க. இது மருந்துக் கடை இல்ல. இது கிழங்கு. உலகத்துலேயே அழகான கிழங்கு. நாளைக்குத் தேவாலயத்துக்கு எதிர்ல கடை போடறேன். வந்தா வாங்க."

கடைசியில் குரல் உடைந்தது. காற்று என்று நினைத்திருப்பார்கள்.

அணைத்தபோது பேட்டரி இரண்டு சதவீதம். கமெண்ட் படிக்கவில்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன். என்னமோ தெரியவில்லை, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடினேன். தோற்கப்போகிறவள் இப்படியா ஓடுவாள்?

ஜூன் 24, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது! மூச்சு விடு நெய்டா. வரிசையா எழுது.

விடிவதற்குள் குன்று. கிழங்கெல்லாம் கல்! ஒன்றோடொன்று தட்டினால் டக் டக் என்கிறது. தோலில் வெள்ளைப் பனிப்பூ. வைக்கோலும் கம்பளியும் சுற்றிய பானையில் அடுக்கிச் சந்தைக்கு வந்தோம். அம்மா பாகுப் பானையோடு. அப்பா எதிரே தேவாலயப் படிக்கட்டில் நீதிபதி மாதிரி உட்கார்ந்தார், வாய் நிறைய மெல்லுகிற கோக்கா இலை.

ஆண்கள் வந்தார்கள். தூரத்தில் நின்றார்கள். டிரைவர் கூட்டம் எலி மாதிரி 'கீச் கீச்' என்று கத்தியது. ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது! அப்பா சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓட்ஸ் விற்கிறவன் கடையைப் பார்த்தார்.

கிழங்கு லேசாக வியர்க்க ஆரம்பித்தது. நானும்.

அப்போது பசிலியா அத்தை கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தார். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, முதுகில் கட்டியிருக்கிற ஏழாவது பிள்ளை அழுகிறது.

"நேத்து போன்ல சொன்னது நெசமா?"

"நெசம்தான் அத்தை. எலிங்களுக்கு."

"எலிங்களுக்கு வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது. கொஞ்ச நாளைக்கு."

"நாலு கிண்ணம் போடு."

"அத்தை, இது அதுக்கு இல்ல. மனுசங்களுக்கு வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாது. இதை நம்பி இருக்காதீங்க. மரித்சா அக்காகிட்ட ஊசி, மாத்திரை எல்லாம் இருக்கு..."

"அதுவும் போட்டுக்கறேன். இதுவும் போடு. ஏழு போதும்டி! ரெண்டு பக்கமும் பூட்டு போட்டுடறேன்!"

அவ்வளவுதான். மடை உடைந்தது. பொம்பளைங்க! எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை. ஒன்பது பெற்றவர், ஐந்து பெற்றவர், புருஷன் போன வாரம்தான் சுரங்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர். "எனக்கு ரெண்டு." "எனக்கு பாகு அதிகமா, அந்த ஆளு இனிப்புன்னா கேக்காம திம்பான்." நான் ஒவ்வொருவரிடமும் கத்துகிறேன்: "தெரியாதுங்க! எலிதாங்க!" அவர்கள் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டுகிறார்கள். சுகாதார நிலையத்து மரித்சா அக்கா சீருடையோடு கூட்டத்தில் நின்று, "வியாழக்கிழமை எல்லாரும் அங்க வரணும், அப்பத்தான் விடுவேன்" என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு அவரும் ஒரு கிண்ணம் வாங்கினார். "இது எனக்கு. எனக்குக் குறையறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஆனால் அங்கேயே நின்று தின்றதெல்லாம் பெண்கள். ஆண்களுக்குப் போன கிண்ணமெல்லாம் மூடி வீட்டுக்குப் போனது. அப்பா படிக்கட்டிலிருந்து விரலை ஆட்டினார்: ஆம்பளை எங்கே?

பசிலியா அத்தை அதைப் பார்த்துவிட்டார். இலாரியோ மாமாவைத் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துவந்து கடை முன்னால் நிறுத்தினார்.

"நில்லு. தின்னு."

"எல்லாரும் பாக்கறாங்கடி!"

"ஏழு தடவை நான் கத்தினப்பவும் எல்லாரும் கேட்டாங்க. தின்னு."

தின்றார். கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி. முதல் கடி. ஒரு கண் திறந்தது. இரண்டாவது கடி. இன்னொரு கண். "அடியே... நல்லா இருக்கே!" கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் துள்ளினேன், பாகு என் பாவாடையெல்லாம் கொட்டியது.

அப்பா படிக்கட்டிலிருந்து: "இது செல்லாது! பொண்டாட்டிக்குப் பயந்து தின்னவன் கணக்குல வரமாட்டான்!"

"அப்படிப் பாத்தா இந்த ஊர்ல எந்த ஆம்பளையும் கணக்குல வரமாட்டான்" என்றார் அம்மா. அம்மா பொது இடத்தில் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகுதான் ஹாரன் சத்தம். டெல்ஃபினின் வேன் பயணிகளோடு சதுக்கத்தின் நடுவில் நின்றது. அவன் இறங்கினான். டிரைவர் கூட்டம் கீச் கீச் கீச் என்றது. அவன் காது மடல் சிவந்திருந்தது. நேராக வந்து நின்றான்.

"ஒரு கிண்ணம்."

எடுத்தேன். போட்டேன். பாதிக் கிண்ணத்தில் என் கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது? நானே நிறுத்தவில்லை. கை தானாக நின்றது. கையில் கரண்டி, தலையில் எலிகள்.

"ஏன் பாதி?" என்றான்.

"தீந்துடுச்சு."

கிழங்குப் பானையில் இன்னும் இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மூடியை எடுத்துப் பானையை மூடினார்.

அவன் எல்லோரும் பார்க்க நின்று, நிதானமாக, கடைசித் துளிப் பாகுவரை வழித்துத் தின்றான். யாரும் இழுத்து வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. பயணிகள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள். அப்பா எழுந்து, இலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இவன் தின்னது செல்லும். ஆனா அரைக் கிண்ணம்தான். அதனால அரைச் சால்."

"அப்பா!"

"அரைக் கிண்ணத்துக்கு அரைச் சால். பந்தயம் பந்தயம்தான்."

அரைச் சால்! மீதி அரைச் சாலை என் கையே தின்றுவிட்டதே! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஜூன் 25, புதன்

டெல்ஃபினின் வேனில் யாரோ கரியால் எலி படம் வரைந்திருக்கிறார்கள். அவன் அழிக்கவில்லை. அதற்கு ஒரு கிரீடம் வரைந்து ஊதா அடித்திருக்கிறான்.

ஜூன் 29, ஞாயிறு

ஹுலியாகா அக்கா பதில் எழுதிவிட்டார். "நிறுத்திட்டேன் தங்கச்சி. சொன்னதுக்கு நன்றி. ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கோம். வாங்கின கிழங்கு மிச்சம் இருக்கு, நான் திங்கலாமா?"

திங்கலாம் அக்கா, திங்கலாம், பாகு ஊத்தித் தின்னுங்க என்று எழுதினேன். எனக்குத் தெரிந்தவரை என்றும் சேர்த்தேன். இப்போதெல்லாம் எல்லாவற்றிலும் 'எனக்குத் தெரிந்தவரை' வந்துவிடுகிறது. அம்மா சாப்பாட்டில் உப்பு சரியா என்றால்கூட.

ஜூலை 13, ஞாயிறு

இலாரியோ மாமா மரித்சா அக்காவிடம் போய்வந்தார். அவர் புனோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். பெரிதாக ஒன்றுமில்லை, இந்த வயதில் வருகிற வீக்கம்தானாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது ராத்திரி இரண்டு தடவைதான் எழுகிறாராம். என்னிடம் வந்து, "தெரிஞ்சவரு தேறிட்டாரு" என்றார்.

"மாத்திரையாலயா கிழங்காலயா?"

"மாத்திரை ராத்திரிக்கு. கிழங்கு நாக்குக்கு" என்று சொல்லி இரண்டு எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை வாசல் வழியாக.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விதைக் கிழங்கு பொறுக்கினோம். அரைச் சாலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் நான் தனியாகக் குவித்தேன், ரோஷமாக. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குவியல் பெரிதாகியிருந்தது. யாரோ கருஊதாவாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள்.

"யாரு சேத்தது?"

அப்பா கூரை ஓட்டைக்குக் கீழே நின்று வானத்தைப் பார்த்தார். அவர் விரல்கள் ஊதா.

அக்டோபர் 12, ஞாயிறு

நடவு. ஒருவர் வயலில் ஒருவர் கைமாற்று வேலை செய்கிற வழக்கப்படி இலாரியோ மாமா தன் மாடுகளோடு வந்தார், பசிலியா அத்தை வந்தார். டெல்ஃபினும் வந்தான். அவனுக்கு வயலே கிடையாது, எங்கள் கை எங்கே போய்த் திரும்பச் செய்யும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா ஏர் பிடித்தார். நான் பின்னால் விதை போட்டுக்கொண்டே போனேன். உருளைக்கிழங்கு முடிந்தது. ஓரத்துக்கு வந்தோம். நான் பாதியில் நின்றேன், அரைச் சால் ஆயிற்றே. அப்பா நிற்கவில்லை. கடைசிவரை போனார். திரும்பினார். பக்கத்தில் இன்னொரு சால். திரும்பினார். இன்னொன்று.

"அப்பா, ஓட்ஸ்?"

"ஓட்ஸை இலாரியோ போடட்டும். விதையைப் போடுடி, மாடு நிக்கிது."

விதையை எண்ணாமல் போட்டேன். மண் பூரா மூக்கில். பாடினேன் என்று நினைக்கிறேன், மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

மதியம் போர்வை விரித்தோம். உருளைக்கிழங்கு, அவரை, பாலாடைக்கட்டி, மீன். நடுவில் விதைக்கு எடுத்தது போக மிஞ்சிய இசாஞோ, வெந்து சுருங்கி, தேன் மாதிரி. நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலாரியோ மாமாவின் கை முதலில் போயிற்று, கூச்சமே இல்லாமல். பிறகு, பிறகு, பிறகு அப்பாவின் கை! வளையவில்லை. நேராக வந்தது. கருஊதாவாக ஒன்றை எடுத்து, நாங்கள் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் கரைக்கிற தின்னும் களிமண் குழம்பில் தோய்த்து வாயில் போட்டு மென்றார். பீடபூமியையே பார்த்துக்கொண்டு மென்றார்.

"எப்படிப்பா?"

"கிழங்கு மாதிரி இருக்கு" என்றார். இன்னொன்று எடுத்தார்.

"எடுத்துக்கட்டும் எடுத்துக்கட்டும், இனிமே என்ன" என்றார் அம்மா. பசிலியா அத்தைக்குப் புரை ஏறியது.

டெல்ஃபின் இதுதான் சமயம் என்று கையை நீட்டி ஒரு பெரிய இசாஞோவாக எடுத்தான். வாய்வரை கொண்டுபோய்விட்டான். அம்மா போர்வையின் குறுக்கே எட்டி, அவன் கையிலிருந்து அதை எடுத்து அப்பா பக்கம் வைத்தார். அவன் கையில் ஒரு உருளைக்கிழங்கை வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"உனக்கு இது இப்ப வேணாம் தம்பி. நீ உருளைக்கிழங்கு தின்னு."

அப்பா மென்றுகொண்டே என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், உப்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு பசிலியா அத்தை சிரித்தார் பார், மாடு இரண்டும் மிரண்டு ஏரோடு ஓடின.

எல்லோரும் மாட்டின் பின்னால் ஓடினார்கள். அவன் மட்டும் என் எதிரே உட்கார்ந்து அந்த உருளைக்கிழங்கைத் தின்று முடித்தான். தோலோடு.